கொட்டிக்கலையா என்று கேட்ட கிண்ணம்

கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஓடும் யோதோ ஆற்றில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, பயணிகள் படகுகள் இராப்பகலாகப் போய்வந்தன. ஒரு படகில் முப்பது பேர் வரை. கால் நீட்ட இடமில்லை. பாதி வழியில் ஹிராகாட்டா என்ற ஊர் வரும். அங்கே கரையிலிருந்து சின்னச் சின்னப் படகுகள் கிளம்பி வந்து பெரிய படகின் பக்கவாட்டில் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்ளும். நீராவி பறக்கும் சூப், மாவுருண்டை, சாக்கே என்னும் அரிசி மது எல்லாம் அதில் உண்டு. விற்கிறவன் "ஐயா, வாங்குங்கள்" என்று கும்பிட மாட்டான். தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி, "ஏய், சோத்தைக் கொட்டிக்கலையா? சாராயம் ஊத்திக்கலையா?" என்று அதட்டுவான்.

ஜப்பானிய மொழியில் அந்த அதட்டலுக்கு 'குராவான்கா' என்று பெயர். வாள் செருகிய சாமுராயும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் காசை எடுக்க வேண்டியதுதான். ஒசாகாப் போரின்போது தளபதி தொகுகாவா இயேயாசுவுக்கு இந்தப் படகுக்காரர்களின் முன்னோர் உதவினார்கள், அதற்குப் பரிசாகத்தான் மரியாதையில்லாமல் பேசும் உரிமை கிடைத்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, காட்சி உண்மை. புகழ்பெற்ற ஓவியர் ஹிரோஷிகே தம் கியோட்டோ காட்சிப் படங்களில் ஒன்றாக இந்த ஆற்று வியாபாரத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்.

அந்தச் சூப்பும் சோறும் வந்தது ஒரு பீங்கான் கிண்ணத்தில். பால் வெள்ளை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் சாம்பல் படிந்த வெள்ளை. சுவர் தடிமன். படகு ஆடினாலும் கவிழாதபடி கீழே அகலமான, கனத்த அடி வளையம். வெளிப்புறத்தில் நீல நிறத்தில் ஒரு கொடியோ பூவோ, நாலைந்து தூரிகை இழுப்பில் முடிந்திருக்கும். சில கிண்ணங்களின் அடியில் சூளை மணல் அப்படியே ஒட்டியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் காலிக் கிண்ணங்களை எண்ணித்தான் கணக்குப் போடுவார்களாம். அதனால் சில பயணிகள் ஒன்றிரண்டு கிண்ணத்தைச் சத்தமில்லாமல் ஆற்றில் நழுவவிடுவார்களாம். ஆற்றின் அடியில் கிண்ணங்கள் கிடைத்ததற்கு உள்ளூரில் சொல்லும் விளக்கம் இது.

ஜப்பானின் நீல வெள்ளைப் பீங்கான் என்றதும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியும் ஏலக் கடையின் விலைச் சீட்டும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கலையின் உயிர் இருப்பது மணல் ஒட்டிய இந்தப் படகுக் கிண்ணத்தில்தான். அது சாமானியர் கைக்கு வந்து சேர்ந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. வெளிநாட்டுச் சந்தை கைவிட்டதால் உள்நாட்டுச் சமையலறைக்குள் நுழைந்த பொருள் அது.

பதினேழாம் நூற்றாண்டு பிறக்கும்வரை ஜப்பானில் பீங்கான் செய்யத் தெரியாது. மண்பாண்டம் உண்டு, மரக் கிண்ணம் உண்டு, அரக்குப் பூசிய பாத்திரம் உண்டு. பீங்கான் மட்டும் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வர வேண்டும், வந்தால் பிரபுக்களின் வீட்டுக்குத்தான் போகும். 1592க்கும் 1598க்கும் இடையே ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதெயோஷி கொரியாமீது இரண்டு முறை படையெடுத்தார். நிலம் பிடிக்கப் போன படை தோற்றுத் திரும்பியது. திரும்பிய கப்பல்களில் கொரியக் குயவர்கள் இருந்தார்கள். அவர்களை அழைத்துவந்தார்கள் என்று எழுதுவது நாகரிகம், பிடித்துவந்தார்கள் என்பதே சரி. அந்தப் போருக்கு 'பாண்டப் போர்' என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

அவர்களில் ஒருவர் யி சாம்பியோங். ஜப்பானியர் அவரை ரி சாம்பெய் என்பார்கள். கியூஷு தீவின் அரிதா என்ற மலையூரில், இசுமியாமா குன்றில், பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் கல்லை அவர் கண்டுபிடித்தது 1616இல் என்பது ஊர் மரபு. அந்தக் கல்லை இடித்து, கரைத்து, வடித்து எடுத்த மாவில் ஜப்பானின் பீங்கான் பிறந்தது. நானூறு ஆண்டுகள் வெட்டியதில் அந்தக் குன்று இன்று பெரும்பாலும் வெறும் பள்ளம். ஒரு மலையே கிண்ணமும் தட்டுமாகி உலகெங்கும் போய்விட்டது என்று அரிதாக்காரர்கள் சொல்வதில் மிகையில்லை. இப்போது அந்த வட்டாரத்தின் சூளைகளுக்குக் கல் வருவது பெரும்பாலும் அமாகுசா தீவிலிருந்து.

பீங்கானில் பணம் இருப்பது தெரிந்ததும் அரிதாவை ஆண்ட நபேஷிமா பிரபுக்கள் விழித்துக்கொண்டார்கள். சூளைக்கு விறகு வெட்டிக் காட்டை அழிக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, 1637இல் 800க்கும் மேற்பட்ட ஜப்பானியக் குயவர்களை வெளியேற்றி, அரிதாவில் 13 சூளைகளை மட்டும் நிலைநிறுத்தினார்கள். தொழில் ரகசியமும் வருமானமும் ஒரே பள்ளத்தாக்குக்குள் அடங்கின.

அதற்குச் சில ஆண்டுகளிலேயே அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. 1644இல் சீனாவில் மிங் அரசு சரிந்தது. உள்நாட்டுப் போரில் சீனச் சூளைகள் முடங்க, ஐரோப்பியப் பணக்காரர்களின் மேசைக்குப் பீங்கான் கொடுக்க ஆளில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகசாகியின் தேஜிமா தீவில் ஏற்கெனவே கடை விரித்திருந்தது. 1659இல் அது ஒரே வீச்சில் 50,000 உருப்படிகளுக்கும் மேல் ஆர்டர் கொடுத்தது. அரிதாவில் செய்தவை பக்கத்திலுள்ள இமாரி துறைமுகத்தில் கப்பலேறியதால், வெளியே அதற்கு 'இமாரி' என்றே பெயர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான் இது. அதன் வழியாகச் சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணி ஜப்பானுக்குப் போனது. அதற்கு அங்கே 'சாந்தோமே' என்று பெயர். மயிலாப்பூரின் சாந்தோம்தான் அது.

1684இல் சீனா கடல் வணிகத் தடையை விலக்கியது. மலிவான சீனச் சரக்கு மறுபடியும் சந்தைக்கு வர, ஜப்பானியச் சூளைகளின் ஏற்றுமதி இளைக்கத் தொடங்கியது. அரிதா உயர்ந்த ரகங்களை விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம், வேறு பிரபுவின் ஆட்சியில் இருந்த ஹசாமி என்ற ஊருக்கு அந்த வசதி இல்லை. இவ்வளவு பெரிய சூளைகளை என்ன செய்வது? உள்ளூர்க்காரனுக்கு விற்பதுதான் வழி. அவனுக்கு விற்க வேண்டுமென்றால் விலை குறைய வேண்டும். விலை குறைய வேண்டுமென்றால் வேலை குறைய வேண்டும், எண்ணிக்கை கூட வேண்டும். படகுக் கிண்ணம் பிறந்தது இந்தக் கணக்கில்தான்.

ஹசாமியில் மலைச் சரிவில் ஏறிப்போகும் படிக்கட்டுச் சூளைகளின் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன. நாகாவோ பகுதியில் ஒன்றின் நீளம் சுமார் 160 மீட்டர், 33 அறைகள். கீழே மூட்டிய தீ அறை அறையாக மேலே ஏறும். அவ்வளவு பெரிய வயிற்றை நிரப்ப ஒரு தந்திரம் செய்தார்கள். கிண்ணத்தின் உட்புற அடியில் மெருகை ஒரு வளையமாகச் சுரண்டிவிட்டால், அந்த வளையத்தின்மேல் இன்னொரு கிண்ணத்தை வைத்து அடுக்கலாம், ஒட்டிக்கொள்ளாது. இந்த மெருகில்லா வளையத்துக்குப் 'பாம்பின் கண்' என்று பெயர். பிரபுவின் தட்டில் இது குறை. ஏழையின் கிண்ணத்தில் இதுதான் அது ஏழைக்குக் கிடைத்ததற்கே காரணம்.

நீலத்தின் கதை தனி. இந்தப் பாணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சோமெத்சுகே'. சாயமேற்றியது என்று பொருள், துணி வேலையிலிருந்து வந்த சொல். சாயப் பொருளின் பெயர் கோசு. கோபால்ட் என்ற உலோகத்தின் தாது அது. பல காலம் சீனாவிலிருந்து நாகசாகி வழியே வந்தது. அதை நீரில் குழைப்பதைவிடத் தேநீரில் குழைப்பது நல்லது என்பது பழைய கைமுறை, தேநீரின் துவர்ப்பு சாயம் பரவாமல் பிடித்துக்கொள்ளும்.

முதலில் கிண்ணத்தை வனைந்து, உலர்த்தி, சுமார் 900 டிகிரியில் ஒருமுறை சுடுவார்கள். அப்போது அது சுண்ணக்கட்டிபோல இருக்கும், தண்ணீர் பட்டால் உறிஞ்சிக் குடித்துவிடும். அதன்மேல்தான் ஓவியம். மெல்லிய தூரிகையால் கோட்டுருவம் வரைவது ஒருவர் வேலை. அதற்குள் நிறம் நிரப்புவது இன்னொருவர் வேலை, அதற்கு 'தாமி' என்று பெயர். தாமித் தூரிகையைப் பார்த்தால் நம்ப முடியாது. குழந்தையின் கைமுட்டி அளவு பருமன். அதில் சாயநீரை நிறைய ஏற்றி, விரலால் அழுத்தி அழுத்தி நுனி வழியே சொட்டவிட்டு, அந்தத் துளியைக் கோட்டுக்குள் தேங்கவைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தூரிகை முடி கிண்ணத்தில் படவே கூடாது. ஒரு கணம் நின்றால் அந்த இடம் கறுத்துவிடும், வேகமாகப் போனால் வெளிறிவிடும். அழிக்க வழியில்லை. அரிதாவில் வழிவழியாக இதைச் செய்தவர்கள் பெண்கள்.

இத்தனை பாடுபட்டு வரைந்ததும் கண்ணுக்குத் தெரிவது நீலம் அல்ல, மங்கிய கறுப்பு. அடுத்து அதை வெள்ளை மெருகுக் கரைசலில் முக்கி எடுத்தால் அந்தக் கறுப்பும் மறைந்துவிடும். ஓவியம் முழுவதையும் சுண்ணாம்பு அடித்து மூடியதுபோல இருக்கும். பிறகு சுமார் 1,300 டிகிரிச் சூளை. காற்றைக் குறைத்துப் புகைச் சூட்டில் வேகவைக்க வேண்டும். மெருகு உருகிக் கண்ணாடியாகித் தெளியும்போது, அடியில் நீலம் தெரியும். களிமண் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியிருக்கும், படமும் கூடவே சுருங்கியிருக்கும். வரைந்தவர் தம் வேலையின் நிறத்தைச் சூளை திறக்கும் அன்றுதான் பார்ப்பார்.

இதில்தான் தினசரிப் பயனின் சூட்சுமம் இருக்கிறது. நீலம் மெருகுக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் தேய்வது கண்ணாடிதான், நிறம் அல்ல. மெருகின்மேல் தீட்டிய சிவப்பும் தங்கமும் நாள்பட உதிரும், மைக்ரோவேவ் அடுப்பில் தங்கக் கரை பொறி பறக்கும். வெறும் நீலக் கிண்ணத்துக்கு அந்தப் பயம் இல்லை. மண்பாண்ட வகைப் பாத்திரத்தை ஜப்பானிய வீடுகளில் முதலில் அரிசி கழுநீரில் வேகவைத்துப் பழக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள், நுண்துளைகள் அடைபட வேண்டும் என்பதற்காக. பீங்கானுக்கு அதுவும் தேவையில்லை. வாங்கியதும் கழுவிவிட்டுச் சோறு போடலாம்.

எந்தச் சோற்றுக்கும் எந்தக் கிண்ணமும் என்று அங்கே கிடையாது. கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடுவது ஜப்பானிய வழக்கம், தட்டில் குனிந்து சாப்பிடுவது அநாகரிகம். அதனால் சோற்றுக் கிண்ணம் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்க வேண்டும். ஆண்களுக்கு விட்டம் சுமார் 12 செ.மீ., பெண்களுக்கு அதைவிடச் சற்றே சிறியது என்பது கடைகளில் உள்ள வழக்கமான கணக்கு. கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல்கள் அடி வளையத்தின்கீழ். உள்ளே ஆவி பறந்தாலும் வளையம் சுடாது. அடி வளையத்தை அழகுக்கு வைத்தது என்று நினைத்தால் தவறு, அது கைப்பிடி. சூப்புக்கு மட்டும் இன்னும் அரக்குப் பூசிய மரக் கிண்ணம்தான், கொதிக்கும் சூப்பை மெல்லிய பீங்கானில் ஏந்த முடியாது.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கிண்ணம், தனிக் குச்சி. அப்பாவின் கிண்ணத்தில் பிள்ளை சாப்பிடுவதில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே படத்தில் பெரிதும் சிறிதுமாக ஜோடிக் கிண்ணம் விற்பார்கள், கல்யாணப் பரிசாக நன்றாகவே போகும். தொட்டுக்கொள்ளும் தட்டுகளை ஐந்தைந்தாகத்தான் விற்பார்கள். நான்கு என்ற சொல்லின் ஒலிப்பு 'சாவு' என்பதோடு ஒத்திருப்பதால் அந்த எண் ஆகாது. தட்டின் அளவைச் சொல்ல இன்றும் 'சுன்' என்ற பழைய அளவை வழக்கில் இருக்கிறது, ஒரு சுன் மூன்று செ.மீ. அளவு. ஐந்து சுன் தட்டு என்றால் மீன் துண்டுக்கும் பொரியலுக்கும் சரியான அளவு என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

கிண்ணத்தில் வரைவதும் சில பழகிய உருவங்கள்தான். அலைமேல் அலையாக அரைவட்டங்கள், மீன் வலை, சணல் இலை, பைன் மூங்கில் பிளம் மூன்றும் சேர்ந்த மங்கலச் சின்னம். மிகப் பிரபலமானது சுருண்டு சுருண்டு ஓடும் கொடி. அதன் இலைகள் ஆக்டோபஸ் கரத்தின் உறிஞ்சிகள்போல வரிசையாக நிற்பதால் 'ஆக்டோபஸ் கொடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரண்மனைத் தட்டில் இது கணக்குப் போட்டு வரைந்ததுபோல இருக்கும். படகுக் கிண்ணத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வரைந்த கையின் அவசரத்தில், கொடி நாலு சுழிப்பாகக் கரைந்துபோயிருக்கும். இரண்டில் எது உயிருள்ளது என்று கேட்டால் இரண்டாவதைக் காட்டுகிறவர்கள் அதிகம். யோசிக்க நேரமில்லாத கை போட்ட கோட்டில் பொய் இல்லை. யனாகி சோயெத்சு தொடங்கிய நாட்டார் கைவினை இயக்கம் இருபதாம் நூற்றாண்டில் சொன்னதும் இதைத்தான்: பெயர் போடாத கைவினைஞன் அன்றாடப் பயனுக்குச் செய்த பொருளில் அழகு தானாக வரும்.

அந்த இயக்கத்தாரின் கண்ணில் பட்ட ஊர்களில் ஷிகோகு தீவின் தோபேயும் ஒன்று. தோபேயின் பிறப்பு வேடிக்கையானது. அங்கே மலையில் சாணைக்கல் வெட்டுவார்கள். வெட்டியபின் மலைபோலக் கல்தூள் குவியும், அதை அள்ளிக் கொட்டும் சுமை ஊராருக்கு. அந்தக் கழிவிலேயே பீங்கான் செய்ய முடியுமா பாருங்கள் என்று உள்ளூர்ப் பிரபு உத்தரவிட்டார். சுகினோ ஜோசுகே என்பவர் பலமுறை சூளை வைத்துத் தோற்று, குறை களிமண்ணில் அல்ல மெருகில் என்று ஒருவழியாகத் தெரிந்துகொண்டு, 1777இல் வெற்றி கண்டார். தோபேக் கிண்ணம் கனமானது, எளிதில் உடையாது. 'சண்டைப் பாத்திரம்' என்று அதற்குப் பட்டப்பெயர். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தூக்கி எறிந்தாலும் தாங்குமாம். நூடுல்ஸ் விற்கும் உடோன் கடைகளில் விளிம்பு உருண்ட தோபேக் கிண்ணம் இன்றும் புழங்குகிறது. எறிந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூரிகைக்குப் போட்டி வந்தது. காட்ஃப்ரீட் வாகனர் என்ற ஜெர்மானியர் 1870இல் அரிதாவுக்கு வந்து, ஆலைகளில் செய்த கோபால்ட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். பழைய கோசுவின் மங்கிய நீலத்துக்குப் பதில் கண்ணைப் பறிக்கும் நீலம் வந்தது. காகிதத்தில் வடிவம் வெட்டி அதன்மேல் சாயம் தடவும் முறை வந்தது, பிறகு செப்புத் தகட்டில் அச்சடித்து ஒட்டும் முறையும். படம் ஓரிடத்தில் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் கோடுகள் பொருந்தாமல் நிற்கும். பழம்பொருள் கடையில் ஒரு கிண்ணத்தைச் சுற்றிப் பார்த்து அந்த ஒட்டைக் கண்டுபிடித்தால் அச்சு வேலை என்று பொருள். ஒட்டு எவ்வளவு கோணலோ அவ்வளவு ஆசையாக வாங்கும் கூட்டமும் இருக்கிறது.

ஹசாமிக்கு மட்டும் பெயர் கிடைக்க வெகுகாலம் ஆனது. அங்கே வார்ப்பு அச்சு செய்கிறவர் ஒரு வீடு, மண் பிசைகிறவர் ஒரு வீடு, பச்சைக் கிண்ணம் வார்ப்பவர் ஒரு வீடு, சூளைக்காரர் ஒரு வீடு. ஊரே ஒரு தொழிற்சாலை. செய்த சரக்கு மலை தாண்டிப்போய் 'அரிதா' என்ற பெயரில் விற்கும். வடிவமைப்பாளர் மோரி மசாஹிரோ 1958இல் ஹசாமியின் ஹாகுசான் நிறுவனத்துக்காக உருவாக்கிய, நுனியில் சொட்டாத சோயா சாஸ் குடுவை ஜப்பானின் வீடுதோறும் போயும்கூட ஊர்ப்பெயர் வெளியே தெரியவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி, பொருள் செய்த இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற கெடுபிடி வந்தது. அரிதா என்ற பெயர் போனது, ஆர்டர்களும் போயின. வேறு வழியில்லாமல் ஹசாமி தன் பெயரிலேயே கடை விரித்தது. இளைஞர்களுக்குப் பிடித்த எளிய வடிவங்கள், கட்டுப்படியாகும் விலை. இன்று டோக்கியோக் கடைகளில் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள். தட்டுப்பாடு இப்போது வேலைக்காரர்களுக்கு. அச்சு செய்யும் வீடுகளிலும் வார்க்கும் வீடுகளிலும் முதியவர்களே மிச்சம். ஒரு வீடு கதவை மூடினால் மற்ற வீடுகளின் வேலையும் நிற்கும்.

கிண்ணம் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கவிழ்த்துப் பாருங்கள். அடி வளையத்தைத் தடவினால் கை கீறக்கூடாது, கீறினால் மேசையும் கீறும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடுக்கிப் பாருங்கள். கையால் வரைந்ததா என்று தெரிய, ஒரே மாதிரியான மூன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும், மூன்றிலும் கொடி ஒரே இடத்தில் வளைந்தால் அது அச்சு. அச்சு மட்டமானது என்பதில்லை, விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அரிதாவுக்கே போக முடிந்தால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை நடக்கும் பீங்கான் சந்தைக்குப் போகலாம். 1896இல் தொடங்கியது. சுமார் நான்கு கிலோமீட்டருக்குக் கடைகள் நீளும், அந்த ஒரு வாரத்தில் பத்து லட்சம் பேர்போலக் கூடுவார்கள். ஊரின் தோசான் கோவிலில், 1888இல் பீங்கானிலேயே செய்து நிறுத்திய வாயில் வளைவு இருக்கிறது. அதிலும் நீலக் கொடிதான். கோவிலுக்கு மேலே குன்றின் உச்சியில் ரி சாம்பெயின் நினைவுத்தூண்.

படகுக் கிண்ணத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். யோதோ ஆற்றின் பயணிகள் படகுகளை முதலில் நீராவிப் படகும், பின்பு 1910இல் கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே வந்த கெய்ஹான் ரயிலும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. ஹிராகாட்டாவில் படகுக்குக் காத்திருப்பவர்கள் தங்கிய 'காகியா' விடுதி மட்டும் உணவு விடுதியாக 1997 வரை ஓடியது. இப்போது அது அருங்காட்சியகம். உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், அந்தக் குராவான்காக் கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.